கதவில்லாத அலமாரிகள்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் மிளகாய் என்றுதான் கூப்பிடுவார்கள். அன்று காலை அவளுக்கு வந்த கோபத்தில் மேஜைமேல் இருந்த தண்ணீர் கொதித்தது. பக்கத்து இருக்கைக்காரர் அதில் தேநீர் போட்டுக் குடித்துவிட்டு, சர்க்கரைதான் கொஞ்சம் கம்மி என்றார்.

காரணம், முதலாளியின் மைத்துனர். முதலாளியைப் பார்த்து ஊழியர்களும் அவரை மச்சான் என்பார்கள்.

அவர்கள் செய்வது அலமாரி வரையும் செயலி. அலமாரிக்குள் தட்டு, அலமாரிக்குக் கதவு என்று கட்டம் கட்டி மாதிரி வரைந்து கொடுத்தால் போதும். அவர்கள் பயன்படுத்தும் 'சட்டகம்' என்ற மென்பொருள் நிரலைத் தானே எழுதிக் குவிக்கும், கோப்புகளையும் தன் பாணியில் சேமிக்கும். பட்டறையில் மரம் அறுக்கும் இயந்திரத்துக்கோ அந்தப் பாணி விளங்காது. அதற்கென்று தனிக் கோப்பு வடிவம். அந்த வடிவத்தில் எழுதும் பகுதியை மிளகாய் முதுகொடியக் கையால் எழுதியிருந்தாள். ஒவ்வொரு நிரல் துண்டின் தலையிலும் 'தொடாதே' என்று ஒரு குறி. குறி இருந்தால் சட்டகம் ஒதுங்கிப் போகும். இல்லையென்றால், அடுத்த முறை நிரலை உருவாக்கும்போது அதன்மேலேயே தன் சரக்கை எழுதிவிடும்.

முந்தின நாள் மாலை, மச்சான் கண்ணுக்குக் கதவுப் பகுதியின் குறிகள் குப்பையாகத் தெரிந்தன. பெருக்கித் தள்ளினார், நிரலை உருவாக்கும் பொத்தானை அழுத்தினார், வந்த கோப்புகளைப் பட்டறைக்கும் அனுப்பிவிட்டார்.

மதியத்துக்குள் பட்டறைக்காரர் வந்து நின்றார். கதவில்லாத அலமாரி ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறியிருந்தார். படிகளில் இரண்டு பயந்து ஒதுங்கி வழிவிட்டதாகக் காவலாளி இன்றும் சொல்கிறார்.

"ஒரு பள்ளிக்கூடத்துக்கே அறுத்துத் தள்ளிட்டேன்! ஒண்ணுக்காவது கதவு இருக்கா? யாரு பார்த்த வேலை இது?"

"நம்ம பொண்ணுதாங்க. அவ எழுதின பகுதி," என்றார் முதலாளி, கூசாமல்.

மிளகாய் எழுந்தாள். "என்ன சார் சொன்னீங்க?"

"சும்மா இரும்மா. அவன் வீட்டு ஆளு."

"வீடு உங்களுக்கு, கெட்ட பேரு எனக்கா? பழைய பிரதி இருக்கு, கொஞ்ச நேரத்துல சரி பண்ணிடுவேன். ஆனா பண்ணினவரு வாயைத் திறக்கிற வரைக்கும் விசைப்பலகையில என் விரல் படாது."

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"குறி அழிஞ்சு போச்சு..." என்று இழுத்தார் மச்சான்.

"தானாவா?"

"அழிச்சிட்டாங்க."

"எவங்க?"

பட்டறைக்காரர் அலமாரியை வாசலுக்குக் குறுக்கே இறக்கி வைத்தார். வெளியே போக வேறு வழியில்லை.

"நான்தான்," என்றார் மச்சான்.

"இப்ப திருப்தியாம்மா?" என்றார் முதலாளி.

"இல்ல சார். நீங்க சொன்ன பொய் இன்னும் அப்படியே நிக்குது."

முதலாளி பட்டறைக்காரர் பக்கம் திரும்பினார். "பொண்ணு மேல தப்பில்லைங்க. நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

"சரி. இப்ப கதவு மாட்ட எனக்கு ஆள் வேணும்," என்ற பட்டறைக்காரர், மச்சானை அலமாரிக்குள் உட்காரவைத்து, அப்படியே தூக்கிக்கொண்டு இறங்கினார்.

மச்சான் போட்ட கூச்சல் மூன்று மாடிக்கும் தெளிவாகக் கேட்டது. மறைக்கக் கதவு இல்லையே. பழைய பிரதியை எடுத்துக் கதவுப் பகுதியைச் சரி செய்துகொண்டிருந்த மிளகாய் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்குக் கோபம் இன்னும் தீரவில்லை.