இடது தோள் ஆர்க்கிட்

துறைமுகத்தின் ஏழாம் எண் கிரேனை ஓட்டியவரின் இடது தோளில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு இருபதுக்கு, ஆர்க்கிட் பூத்தது. செடி வந்து அப்போது இரண்டு வருடமாகியிருந்தது. வெறும் வேராக இருந்த முதல் வருடம் மரு என்று நினைத்தார். இரண்டு இலை விட்ட பிறகு மரு இல்லை என்று தெரிந்தது, ஆனால் இதை யாரிடம் போய்க் காட்டுவது என்று தெரியவில்லை. நாற்பது மீட்டர் உயரத்தில், இடது பக்கம் மட்டுமே திறக்கும் கண்ணாடிக் கேபினில், நாள் முழுக்க ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து, கப்பலிலிருந்து கன்டெய்னர்களைத் தூக்கிக் கரையில் வைப்பது அவர் வேலை. ஆர்க்கிட் விதை தூசியைவிடச் சின்னது, காற்றோடு வந்து ஆடாத கிளையாகப் பார்த்து உட்காரும் என்று பின்னால் ஒருவர் விளக்கியபோது, அப்படியானால் சரிதான் என்று ஒத்துக்கொண்டார். அது தோளில் இருப்பது, பையில் பேனா இருப்பதைப் போலத்தான். இருப்பது தெரியும், கனம் தெரியாது.

மனைவிக்கு முதல் மாதமே தெரியும். சட்டையைத் துவைக்க எடுத்தபோது மழைக்காட்டு ஈரம் போல ஒரு வாசனை வந்தது. மனுஷர் தானாகச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டார். பூத்த அன்று, தான் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு அவரைக் கூட்டிப்போய் மூன்று குழாய் ரத்தம் எடுத்து, எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்த்தார். ஒரு துளி குறையவில்லை.

"இது உங்ககிட்ட இருந்து ஒண்ணும் எடுக்கலங்க. தங்க இடம் மட்டும்தான் கேக்குது. என் தம்பியவிட எவ்வளவோ மேல்" என்றார். தம்பி, ஒரு வாரம் தங்க வந்து பதினோரு வருடமாக அவர்கள் வீட்டு ஹால் சோபாவில் படுத்திருப்பவர். மாலையில் அக்கா அதையே அவர் காதுபடச் சொன்னபோது, சிரித்தபடி திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பரிசோதனைக் கூடத்து டாக்டர் சொல்லி அனுப்ப, பல்கலைக்கழகத்திலிருந்து தாவர ஆய்வாளர் அம்மா வந்தார். இருபத்தொன்பது வருடத்தில் ஆறு முறை புது இனம் கண்டுபிடித்துவிட்டதாகக் குதித்து, ஆறு முறையும் நூறு வருடத்துக்கு முன்பே எவரோ அதற்குப் பெயர் வைத்திருந்ததைக் கண்டு வாயை மூடிக்கொண்டவர். ஓய்வு பெற இன்னும் இரண்டே வருடம் இருந்தது. லென்ஸ், ஸ்கேல், மூன்று பென்சிலுடன் ஹாலில் நான்கு நாள் உட்கார்ந்து அளந்தார். கட்டைவிரல் நகமளவு மஞ்சள் பூ, உதடு போன்ற கீழ் இதழில் ஐந்து பழுப்புப் புள்ளி. ஐந்தாம் நாள், முட்டி வலியோடு கிரேன் ஏணியிலும் ஏறினார். கன்டெய்னர் தரையை விட்டு எழும்போது பூ மணந்தது. புது நோட்டைப் பிரித்தால் வருமே, அந்த வாசனை. கன்டெய்னர் தரை தொட்டதும் நின்றது. நாற்பத்திரண்டு முறை தூக்கினார்கள், நாற்பத்திரண்டு முறையும் மணந்ததாக அவர் குறித்துக்கொண்டார். இறங்கும்போது வலி நினைவில்லை, பாடிக்கொண்டே இறங்கினார்.

சிக்கல் அதன் பிறகுதான். ஒரு செடியைப் பூவோடு வெட்டி, உலர்த்தி, தாளில் ஒட்டி, சேமிப்பகத்தில் வைத்தால்தான் அது புது இனம் என்று உலகம் ஒத்துக்கொள்ளும். இருந்ததோ ஒரே செடி.

கிரேன்காரர் சட்டையைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "வெட்டிக்கோங்க மேடம். இத்தனை வருஷம் தேடியிருக்கீங்க" என்றார். சொல்லும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

ஆய்வாளர் கத்தியை எடுத்தார், பார்த்தார், பைக்குள் போட்டார். "என்னால முடியாது சார். பேரு இல்லாமலே இருக்கட்டும்."

விதை விட்டால் செடி பலவாகும், அதில் ஒன்றை வெட்டிக்கொள்ளலாம் என்று மனைவிதான் வழி சொன்னார். குழந்தையின் நரம்பிலும் ஒரே குத்தில் ரத்தம் எடுக்கும் கை அது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத மகரந்தத்தை ஊசிமுனையில் எடுத்து, அதே பூவின் சூலகமுடியில் வைத்தார். மறுநாளே பூ வாடியது. வாசனையில்லாமல் கன்டெய்னர் தூக்கிய அந்த ஏழு மாதமும், உப்பில்லாமல் சாப்பிடுவது போலிருந்தது கிரேன்காரருக்கு. காய் மட்டும் மெல்லப் பருத்தது. எட்டாம் மாதம், காற்று பலமாக வீசிய ஒரு மதிய நேரம், அவர் கன்டெய்னரைத் தூக்கும்போது காய் வெடித்து, மஞ்சள் புகை ஒன்று ஜன்னல் வழியாகப் போய்த் துறைமுகத்தின்மேல் பரவியது. கீழே எல்லோரும் ஒரு முறை தும்மிவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

அடுத்த வருடம் ரயில் நிலைய டிக்கெட் கவுண்டர் பெண்ணின் தோளிலும், இரண்டு நீதிபதிகளின் தோளிலும், நூலகக் காவலாளி தோளிலும் வேர் பிடித்தது. மற்றவர்களுக்கு ஒன்றுதான் வந்தது. சோபாக்காரருக்கு ஒன்பது. அதில் நான்கு, அவர் அசையாமல் படுத்திருந்ததாலோ என்னவோ, அந்த வருடமே ஒரே வாரத்தில் பூத்தன. ஆய்வாளர் வாசலில் வந்து நின்று, எப்படிக் கேட்பது என்று தயங்கியபோது அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணு எடுத்துக்கோங்க மேடம். வேணும்னா ரெண்டா எடுத்துக்கோங்க. எங்கிட்டதான் நிறைய இருக்கே."

வந்து தங்கிய இத்தனை வருடத்தில் அவர் யாருக்கும் ஒன்றும் கொடுத்ததில்லை. அக்கா சமையலறைக்குப் போய் நான்கு பேருக்கு டீ போட்டு, ஐந்து டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டதால் எண்ணிக்கை தவறிவிட்டது. பிடுங்கும்போது வலிக்கவில்லை, கொஞ்சம் கூசியது என்றார் தம்பி. அதையும் ஆய்வாளர் எழுதிக்கொண்டார்.

விவரணை ஒன்றரைப் பக்கம் வந்தது. வாழிடம்: மனிதரின் இடது தோள், கடல் மட்டத்திலிருந்து நாற்பது மீட்டர் வரை. அதை வெளியிடும் ஆய்விதழ்க்காரர்கள் ஒரு கேள்வி மட்டும் கேட்டார்கள், இனம் அழியும் நிலையில் உள்ளதா என்று. ஆய்வாளர் தன் தோளிலிருந்த மொட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எங்கும் சாதாரணமாகக் காணப்படுவது" என்று எழுதி அனுப்பினார். அந்த மாதமே அச்சில் வந்தது. இப்போதெல்லாம் அந்த ஊர்த் தையல்காரர்கள், இடது தோளில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் அளவு நாடாவைக் கையில் எடுக்கிறார்கள்.