காலி நாற்காலி

வந்தவன் உடனே உள்ளே நுழையவில்லை. ஸ்டூடியோ வாசலில் நின்று, கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டியிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளைச் சட்டையும் சாதாரணக் கால்சட்டையும்தான் போட்டிருந்தான். ஆனால் காலில் கிடந்த பூட்ஸ் போலீஸ்காரனுடையது. உள்ளே ஒரு கல்யாணப் படத்துக்குப் புருவம் தீட்டிக்கொண்டிருந்த தேவகிருபைக்குக் கையில் இருந்த பென்சில் வழுக்கியது.

பட்டணத்தில் துறைமுகத்தை ஒட்டிய கல்மண்டபம் பக்கத்தில் அவளும் தவசிமுத்துவும் ஸ்டூடியோ வைத்து எட்டு வருஷம் ஆகிறது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். படம் பிடிப்பது அவன். வெட்டுவது, ஒட்டுவது, மறுபடி படமாக்குவது எல்லாம் அவள். தண்ணீர் டம்ளருக்குள் உட்கார்ந்து சிரிக்கும் மணப்பெண், பூட்டின் மேல் தூங்கும் கைக்குழந்தை என்று அவள் செய்யும் வேடிக்கைப் படங்களைப் பார்க்கவே துறைமுகத்து ஆட்கள் வாசலில் கூடுவார்கள். அவற்றில் கடைசியாகச் செய்தது ஜெயவேலின் படம். விரித்து வைத்த புத்தகம் ஒன்று படகாக மிதக்க, அதில் உட்கார்ந்து இரண்டு கரண்டிகளால் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தான் அவன். தேயிலைப் பெட்டியின் ஈயத்தாளைக் கசக்கி அலை ஆக்கியிருந்தாள். வானத்தில் நிலாவாக ஒரு சட்டைப் பொத்தான். கப்பலில் சரக்கு இறக்குகிறவன், இருபத்தாறு வயதில் தொழிலாளர் சங்கத்துப் படிப்பகத்தில் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்ட சந்தோஷத்தில், 'என்னைப் புக்கு மேலயே குந்த வெச்சுக் கடல்ல வுட்டுடுக்கா' என்று கேட்டு எடுத்துக்கொண்ட படம் அது.

நாற்பத்தொன்பதாம் வருஷம். போலீஸார் சங்கத்து ஆட்களைத் தேடித் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஜெயவேல் காணாமல் போய் ஒரு மாதம். போன வாரம்தான் அவன் மனைவி அம்மு நிறைமாத வயிற்றோடு வந்து, 'மூஞ்சி மறந்துடும்போல கீதுக்கா' என்று இன்னொரு பிரதி வாங்கிப் போனாள். அப்போதே வாசலில் இருப்பதை எடுத்திருக்க வேண்டும். தோன்றவில்லை.

வந்தவன் பெட்டியைத் திறந்து படத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"இது எந்தக் கடக்கரைம்மா? எப்போ இவன் போட்ல போனான்?"

"கடக்கரை இல்லீங்க. ஈயத்தாளு. இவுக ஸ்டூல்ல உக்காந்திருந்தாக. வெட்டி ஒட்டுனது."

அவன் நம்பவில்லை. தேவகிருபை பிளேடு, பசை, மிச்சம் இருந்த ஈயத்தாள் எல்லாவற்றையும் எடுத்துப் பரப்பினாள். ஜெயவேல் வெறுங்கையோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்த கண்ணாடி நெகட்டிவ் தகட்டையும் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். படகு இல்லை, கடல் இல்லை என்று தெரிந்தால் போய்விடுவான் என்ற ஒரே நினைப்பு. எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னாள். அவனும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டான். போகும்போது படத்தின் ஓரங்களைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான்.

"ஒட்டு எங்க கீதுன்னே தெர்லியே" என்றான்.

மறுநாள் அதே நேரத்துக்கு வந்தான். கையில் ஒரு உறை. அதற்குள் ஒரு அறையின் படம். மேசை மேல் கட்டுக்கட்டாகப் புத்தகங்கள், தகர டப்பாக்கள், சுருட்டிய கம்பி. பின்னால் ஒரு நாற்காலி. வெடிகுண்டு செய்யும் இடம் என்று பார்த்ததும் தோன்றும்.

"நாற்காலி காலியா கீது பாரு. அதான் பேஜாரு" என்றான். "உங்கிட்ட ஸ்டூல்ல குந்திகினு இருக்கான் இல்ல, அவன இதுல குந்த வெச்சுடு. வெள்ளிக்கெழம வரேன்."

தேவகிருபைக்கு அப்போதுதான் புரிந்தது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் காட்டிய வித்தையே அவனுக்கு வழி காட்டிவிட்டது. அவன் போன பிறகு தவசிமுத்து இருட்டறையிலிருந்து வெளியே வந்தான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் உள்ளே நின்றிருக்கிறான்.

"கிருபை, பேசாம செஞ்சு குடுத்துரு. இந்த ஊர்ல நமக்கு யாரு இருக்கா?"

"அந்தப் புள்ளையத் தூக்குல போட்டுட்டாவன்னா?"

"நாம போடலியே."

சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் கேமராவைத் துணியால் மூடினான். அவனைக் கோபித்துக்கொள்ள அவளுக்குத் தெம்பில்லை. அவளுக்கும் அதே பயம்தான். இரண்டு நாளும் தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்டபோதெல்லாம் கை வேலையை மறந்து நின்றது.

வியாழக்கிழமை காலை தகட்டை எடுத்தாள். அறைப் படத்தில் வெளிச்சம் வலப்பக்கமிருந்து விழுந்தது, ஜெயவேலுக்கு இடப்பக்கமிருந்து. தகட்டைத் திருப்பிப் போட்டால் நிழல் சரியாகிவிடும். திருப்பிப் போட்டாள். சிவப்பு விளக்கின் கீழே தட்டில் ஜெயவேல் மெல்ல எழுந்து வந்தபோது அவன் கையைக் கவனித்தாள். ஜெயவேலுக்கு இடது கையில்தான் சுண்டுவிரல் கிடையாது; படத்தில் இப்போது வலது கையில் இல்லை.

தூரிகையால் ஒரு விரலை வரைந்து இன்னொன்றை அழிக்க அவளுக்குக் கால்மணி நேரம் போதும். தூரிகையை எடுத்து நனைத்தாள். நெடுநேரம் வைத்திருந்துவிட்டுக் கீழே வைத்தாள். யாராவது கேட்டால், வெளிச்சத்துக்காகத் திருப்பினேன் என்று சொல்ல வேண்டும். அதை உதட்டுக்குள் நாலைந்து தரம் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு தரமும் பொய் மாதிரியே ஒலித்தது.

அன்று மத்தியானம் மீன் கடையில் அம்முவைத் தேடிப் பிடித்தாள்.

"ஒம் மாப்பிள்ளைக்கு எந்தக் கையில வெரல் இல்ல?"

"எடது கைல. கப்பல் சங்கிலி இஸ்துகினு பூட்ச்சு. இன்னாத்துக்குக்கா?"

"பின்னால கோர்ட்டுல எவனாவது அவரு படத்தக் காட்டுனா, கையப் பாக்கச் சொல்லு. வேற ஒண்ணும் கேக்காத. நான் சொன்னேன்னும் சொல்லிராத."

அம்மு ஏதோ கேட்க வாயெடுத்தாள். தேவகிருபை மீன் வாங்காமலே திரும்பி நடந்தாள்.

வெள்ளிக்கிழமை அவன் வந்தபோது தவசிமுத்துவே படத்தை நீட்டினான். வந்தவன் அதை முகத்துக்கு அருகில் வைத்துப் பார்த்தான். திடீரென்று கேட்டான்:

"இவனுக்கு ஒரு வெரல் கெடயாதே. அத அப்டியே வெச்சுகீறியா?"

தேவகிருபை அவசரமாக முன்னால் வந்தாள். "இருக்கு" என்றாள். "அதாவது... இல்லாததுதான்."

அவன் எண்ணிப் பார்த்தான். நாலு விரல். வாய்விட்டுச் சிரித்தான். "கில்லாடிம்மா நீ!" என்று படத்தை உறையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான்.

தவசிமுத்து பெருமூச்சு விட்டு உட்கார்ந்தான். அவளால் உட்கார முடியவில்லை. வாசலுக்கு வந்து நின்றாள். தெருக்கோடியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. துறைமுகத்துக்குப் போகும் கூட்ஸ் வண்டி மெதுவாகக் கடந்துகொண்டிருந்தது. மாட்டுவண்டிகளுக்கும் சைக்கிள்களுக்கும் நடுவே அவன் முதுகைக் காட்டி நின்றான். பொழுது போகவில்லை போலிருக்கிறது, உறையிலிருந்து படத்தை எடுத்தான். அதன் மேல் குனிந்தான். பிறகு தன் இடது கையைப் படத்துக்குப் பக்கத்தில் உயர்த்தி விரித்தான். அதைத் தாழ்த்திவிட்டு வலது கையை விரித்தான்.

கேட் திறந்தது. மாடுகள் நகர்ந்தன, சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு விலகிப் போயின. அவன் மட்டும், கையை இறக்காமல், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமே நின்றிருந்தான்.