இரண்டு கை வேலை

பொழுது விடிய விடியத்தான் எங்களுக்கு ஆபத்து. ஹைட்ரஜன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது, புகையும் வராது. அதனால் குழாய் வரிசையில் ஒருவர் துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நடப்பார். நுனி பற்றினால் அங்கே தீ. பின்னால் ஸ்பேனரோடு வருபவர் வால்வை மூடுவார். உலகத்தையே சுத்தமாக்கப் போகிற ஆலையில் எங்கள் உயிரைக் காப்பது துடைப்பம். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். நடந்து பார்த்தால் வராது.

தீயைக் கண்டறியும் கருவி இல்லாமல் ஆலையைத் திறக்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. சுத்த எரிபொருள் சீக்கிரம் வர வேண்டுமாம், அரசு இரண்டு வருடம் விலக்குக் கொடுத்தது. மாதக் கடைசிக்குள் முழு உற்பத்தி காட்டினால் மானியமும் உண்டு. முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. ஜோடிகளைப் பிரித்து ஆளுக்கொரு வரிசை கொடுத்தார்கள். என் அக்கா புருஷனுக்குத் துடைப்பம் பிடித்தவன் நான். வேறு வரிசைக்குப் போ என்றதும் அவரை விட்டுப் போனேன்.

மூன்றாம் நாள் காலை மச்சான் அலறினார். இரண்டு கையும் போட்டால்தான் அந்த வால்வு அசையும். துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுத் திருகியிருக்கிறார். கண்ணுக்குத் தெரியாத தீ அவரைப் பற்றிவிட்டது. ஆஸ்பத்திரியில் கழுத்திலிருந்து முழங்கை வரை கட்டு, நினைவும் இல்லை. அக்கா அழவில்லை. "நீ எங்கடா இருந்தே?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் விடிந்ததும் மேனேஜர் எங்களை கேட் அருகே நிறுத்தினார். பத்து மணிக்கு அரசு அதிகாரி முழு உற்பத்திச் சான்றிதழ் கொடுக்க வருகிறாராம். விபத்துக்கு மச்சானின் கவனக்குறைவே காரணம் என்று ஒரு காகிதம். நாங்கள் கையெழுத்துப் போட்டால் வைத்தியச் செலவு கம்பெனி தலையில் விழாது. போடாதவர்களுக்கு நாளை முதல் வேலை இல்லை.

"துடைப்பத்துல ஒரு ஈர்க்குகூட கருகல. அந்தாளு அதைப் பிடிக்கவே இல்ல. சட்டப்படி எங்க மேல தப்பில்ல" என்றார்.

மறைப்பானேன், பேனாவை வாங்கிவிட்டேன். வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே. ஆனால் அக்கா கேட்டது காதிலேயே நின்றது. பேனாவை வைத்துவிட்டு மச்சானின் துடைப்பத்தையும் ஸ்பேனரையும் எடுத்து நீட்டினேன்.

"ஒரு கையில இது, ஒரு கையில அது. அந்த வால்வை மூடிக் காட்டுங்க சார். கையெழுத்துப் போடுறேன்."

அவர் கை நீளவில்லை. கண் மட்டும் குழாய்ப் பக்கம் போய்த் திரும்பியது.

பின்னாலிருந்து வெல்டிங் பார்க்கும் பெண் ஒருத்தி வந்து தன் துடைப்பத்தை கேட்டில் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். "கருவி மாட்டட்டும், ஜோடியைக் குடுக்கட்டும், உள்ள போலாம்" என்றாள். அடுத்து கிரேன்காரர். எதற்கெடுத்தாலும் நமக்கேன் வம்பு என்பவர், அவரும் உட்கார்ந்தார். பதினோரு துடைப்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. காகிதத்தில் ஒரு கையெழுத்தும் இல்லை. மேனேஜர் போலீஸுக்குப் போன் போட்டார். நானும் தரையில் உட்கார்ந்தேன்.

அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா போனில் கூப்பிட்டாள். மச்சானுக்கு இன்னும் நினைவு திரும்பவில்லையாம்.

"எங்கடா இருக்கே?"

"கேட்லதான்க்கா. எல்லாரும் இருக்கோம்."