சுவருக்கு அந்தப்பக்கம் ஜெர்மன் சண்டை

"நைன்! நைன்! நைன்!" என்று வசந்தன் சுவர் அதிரக் கத்துகிறான், அதற்கு ஒரு படி மேலே வாசுகி கத்துகிறாள், நடுவில் யாரோ மேசையை வேறு தட்டுகிறார்கள், நான் என்னவென்றால் நெத்திலித் தலையைக் கிள்ளிக்கொண்டு, காதைச் சுவரில் ஒட்டவைத்தும், நைன் என்றால் 'இல்லை' என்பதைத் தவிர ஒரு மண்ணும் புரியாமல்... இந்தக் குளுவாங் தாமான் குடியிருப்பில் எனக்குத் தெரியாமல் ஒரு சண்டை நடந்ததுண்டா, தமிழில் போட்டாலும் மலாயில் போட்டாலும், மூன்றாம் வீட்டுச் சீன அம்மா ஹொக்கியனில் புருஷனை வாங்கு வாங்கென்று வாங்கினாலும் எனக்கு விளங்கிவிடும், கடைசியில் என் வீட்டை ஒட்டின சுவருக்கே இப்படி ஒரு மொழி வந்து வாய்க்க வேண்டுமா? "காதுக்குக் கொஞ்சம் ரெஸ்ட் குடேன் ஞானம்," என்கிறார் என் வீட்டுக்காரர் சாம்பசிவம், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், ரயில்வேயில் இருந்து பாதிக் காதைத் தொலைத்தவர், என் காதைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்.

நிஜச் சண்டை இல்லை, பாடம். பக்கத்து வீட்டுச் சுகந்தினி டீச்சர், ஜெர்மனிக்கு நர்சிங் படிக்கப் போகிற வசந்தன், வாசுகி மாதிரிப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மத்தியானம் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறாள். ஒருநாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள், "எழுதச் சொன்னா எழுதுறாங்க அக்கா, பேசச் சொன்னா வாயில கொழுக்கட்டை." என்ன பேசச் சொல்கிறாய் என்று கேட்டால், ஏர்போர்ட்டுக்கு வழி கேட்பதாம், ஹோட்டலில் ரூம் கேட்பதாம்... அதற்கு எந்தப் பிள்ளைக்கு வாய் வரும்? "சண்ட போட விடு லா, தானா வரும்," என்றேன், எங்கள் தெரு மோகனதாஸ் வீட்டு மாமரக்கிளை வேலி தாண்டிய கதையை எடுத்துக் கொடுத்தேன், ஒருத்தர் மோகனதாஸ், ஒருத்தர் பக்கத்து வீடு. அன்றைக்குப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு சனிக்கிழமை காலையானால் வந்துவிடுவாள், "இந்த வாரம் யாரு யாரோட அக்கா?" காப்பியோடு சேர்த்து ஒரு சண்டையையும் கொடுத்து அனுப்புவேன். நடுவில் திருத்தவே மாட்டாளாம், "தப்பாப் பேசட்டும், மொதல்ல பேசட்டும்." என் சரக்கு முழுக்க ஜெர்மனில் அரங்கேறுகிறது, கேட்கிற எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை, இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

என் கவலையெல்லாம் அந்தத் தேன்மொழி மேல். யோங் பெங் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து பஸ் பிடித்து வருகிற பிள்ளை, எழுத்தில் எல்லாருக்கும் மேலே, பேச்சென்றால் சிரிப்பு மட்டும். தப்பாகச் சொன்னால் சிரிப்பார்களே என்று பயமாம். வேலிக்கு மேலே பொரித்த வாழைப்பழம் நீட்டினால் "தேங்ஸ் ஆன்ட்டி", அவ்வளவுதான், தமிழுக்கே அதுதான் கதி. வருகிற வாரம் பேச்சுத் தேர்வு, அன்றைக்கும் இப்படி உட்கார்ந்திருந்தால் ஜெர்மன் ஆஸ்பத்திரி இடம் போயே போச்சு... இன்றைக்குப் பார்த்து என்னிடம் சண்டை இல்லை, தெருவே வெட்கமில்லாமல் ஒற்றுமையாக இருக்கிறது. "பரவால்ல அக்கா, நானே ஒண்ணு வெச்சிருக்கேன்," என்று சிரித்தாள் சுகந்தினி, என்ன சிரிப்பு அது? அப்படி என்ன வைத்திருக்கிறாள்... அந்த நேரம் பார்த்து, வசந்தனின் புரியாத மொழிக்கு நடுவில் பளிச்சென்று என் பெயர், "ஞானேஸ்வரி ஆன்ட்டி".

நெத்திலித் தட்டு மடியிலிருந்து சரிந்தது. அங்கே ஒரே சிரிப்பு, அப்புறம் சிரிப்பு அடங்கி, நாற்காலி நகரும் சத்தம், நூல் மாதிரி ஒரு குரல், "நைன்." யார் அது? இன்னொரு "நைன்", கொஞ்சம் பெரிதாக. பிறகு திக்கி, நின்று, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து... தேன்மொழி! ஒருவரும் சிரிக்கவில்லை, அவள் நிறுத்தவும் இல்லை, தகரக் கூரையில் மழை பிடித்த மாதிரி வேகமெடுத்துப் பேசுகிறாள், பேசிக்கொண்டே இருக்கிறாள், நடுநடுவே என் பெயர். "என்ன, கண்ணு கலங்குது?" என்கிறார் இவர். நெத்திலி என்றேன். நெத்திலிக்குக் கண் கரிக்காது என்று அவருக்கும் தெரியும்.

கேட்காமல் இருப்பேனா, அன்று மாலையே வேலியில் பிடித்தேன். "கிளாஸ்ல பேசுனது கிளாஸோட, அக்கா," என்றுவிட்டாள் சுகந்தினி. தேன்மொழி வழக்கம்போலச் சிரித்தாள். அதற்கப்புறம் நாள் ஓடிவிட்டது, அவள் தேர்வில் பாஸ், இப்போது ஜெர்மனியில் முதியோர் வார்டில் வாய் ஓயாமல் பேசுகிறாளாம். வசந்தனும் வாசுகியும் ஜெர்மனியும் போகவில்லை ஒன்றும் போகவில்லை, கட்டிக்கொண்டு ஜொகூர் பாருவில் குடித்தனம், சண்டை எந்த மொழியிலோ. சுகந்தினி புருஷனுக்கு மாற்றலாகி மெர்சிங் போய்விட்டாள். புதிதாகக் குடிவந்த புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்வதே இல்லை, எதற்குத்தான் லாயக்கு அந்த வீடு?

"வசந்தன் என்னைக் கிண்டல் பண்ணிருப்பான், அந்தப் புள்ள பொறுக்காம 'இல்ல, இல்ல'ன்னு எனக்காகப் பேசியிருக்கு," என்று நூறாவது தடவையாகச் சொல்கிறேன். இவர் பேப்பரை மடித்து வைக்கிறார்.

"ஒருவேள, வசந்தன் ஒன்னயப் புகழ்ந்து பேசியிருந்தா?"

என் வாழைப்பழத்தை அதிகம் தின்றவன் வசந்தன்தான்...