ஏறி இறங்கினால்தான் வருமானம்

மணவாளன் டாய்ஸ் அண்ட் அம்யூஸ்மென்ட்ஸ் கம்பெனியின் கணக்குப் பிரிவில் பால்ராஜ் ஒருவன்தான் இருந்தான். ஆகவே பிரிவின் தலைவரும் அவன்தான், கடைசி ஊழியரும் அவன்தான். மூன்று வருடமாக டெம்பரவரி. அம்பத்தூர் எஸ்டேட்டில் தாளம் போடும் குரங்குப் பொம்மைக்கு வால் ஒட்டுகிறவர்களுக்கெல்லாம் பி.எஃப். உண்டு, அந்த வால்களை எண்ணி எழுதுகிறவனுக்குக் கிடையாது.

"கம்பெனி என்னிக்கு லாபம் காட்டுதோ அன்னிக்கு நீ பர்மனென்ட்டுப்பா" என்று முதலாளி மணவாளன் அவனிடம் சத்தியம் செய்திருந்தார். வேலப்பன்சாவடி மைதானத்தில் கம்பெனிக்குச் சொந்தமாக நிற்கும் ஜெயன்ட் வீல் மீது அடித்த சத்தியம். அவருக்கு அதைவிடப் பெரிய பொருள் உலகத்தில் இல்லை.

தொண்ணூற்றொன்றாம் வருடம் மார்ச் முப்பது, சனிக்கிழமை மத்தியானம். ஆடிட்டர் வரலட்சுமி கணக்கைக் கூட்டி முடித்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"நஷ்டம். ஏழாயிரத்து இருநூத்து முப்பத்தாறு."

மணவாளன் எழுந்து நின்றுவிட்டார். "இன்னாம்மா சொல்றீங்க? தீவாளிக்கும் கிறிஸ்மஸுக்கும் ஆவடி குவார்ட்டர்ஸ்ல வேனை நிறுத்தி ஆயிரத்து ஐந்நூறு குரங்கு வித்துக்கீறோம். ஒண்ணு அறுபது ரூபா. துட்டு கல்லாவுல வந்து உய்ந்துட்ச்சி."

"அறுபதுல நாப்பத்தெட்டுதான் குரங்குக்கு. மிச்சம் பன்னெண்டு ரூபாய், டப்பாவுக்குள்ள வச்ச மூணு ராட்டினக் கூப்பனுக்கு. பெரும்பாலான கூப்பன் இன்னும் திரும்பி வரல. நீங்க அவங்களைச் சுத்திவிடல. சுத்திவிடாத வரைக்கும் அது வருமானம் இல்ல சார், நீங்க பட்டிருக்கிற கடன்."

"யார் சொன்னது?"

"உங்க கம்பெனிதான். போன வருஷ அறிக்கை, எட்டாம் பக்கம், கணக்குக் கொள்கைகள்."

எட்டாம் பக்கத்தை எழுதியவன் பால்ராஜ். மாலைக் கல்லூரிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வாரத்தில், சூடு ஆறுவதற்குள் புத்தகத்தில் இருந்ததை அப்படியே இறக்கி வைத்திருந்தான். பரீட்சையில் அந்தக் கேள்வி வரவில்லை. வாழ்க்கையில் வந்துவிட்டது.

"கூப்பன்ல கடைசித் தேதியாவது போட்டிருந்தா, தேதி தாண்டினதும் வருமானமா எடுத்துக்கலாம்" என்றார் வரலட்சுமி. "'என்றென்றும் செல்லும்'னு போட்டிருக்கீங்க."

"அது நான் எய்தினது" என்றார் மணவாளன், கொஞ்சம் பெருமையோடு.

பால்ராஜ் மெல்லத் தொண்டையைச் செருமினான். "மேடம், வருஷம் இன்னும் முடியல. நாளைக்கு ஜனங்க கூப்பனோட வந்து ஏறிட்டாங்கன்னா?"

"ஏறினா பத்தாது. ஆறு சுத்து முழுசா சுத்தி, இறங்கணும். இறங்கினா ஆளுக்கு நாலு ரூபாய் இந்த வருஷக் கணக்கு. கரண்டு செலவெல்லாம் நான் ஏற்கெனவே போட்டாச்சு. ஆனா உங்க லைசென்ஸ் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்தான். அதுக்கு மேல சுத்தற சுத்தை நான் எண்ண மாட்டேன்."

பால்ராஜ் விரல் மடக்கினான். ஆயிரத்து எண்ணூற்றொன்பது பேர் இறங்கினால் நஷ்டம் பூஜ்யம். இன்னும் ஒருவர் இறங்கினால் லாபம் நான்கு ரூபாய். லாபத்துக்கு இத்தனை ரூபாய் இருக்க வேண்டும் என்று முதலாளி சத்தியத்தில் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிறு மட்டுமல்ல, ஈஸ்டர். விடியற்காலை ஆராதனைக்கே போய் பாஸ்டரின் கையில் ஒரு துண்டுச் சீட்டைத் திணித்தான் பால்ராஜ். அவரும் கல்யாண அறிவிப்பு ஓலைக்கும் காணிக்கைப் பாட்டுக்கும் நடுவே, அதே உருக்கமான குரலில் வாசித்தார்: "குரங்குப் பொம்மை வாங்கிய குடும்பத்தார் கூப்பனோடு இன்று வேலப்பன்சாவடிக்கு எழுந்தருள வேண்டுகிறோம்." இரண்டு கிழவர்கள் ஆமென் சொன்னார்கள்.

ஏழு மணிக்குக் கம்பெனி வேன் ஆவடி டேங்க் ஃபாக்டரி குவார்ட்டர்ஸுக்குள் நுழைந்தது. மைக் மணவாளனின் கையில்.

"டேங்க் ஃபாக்டரி தோழர்களே! அலமாரியைத் தொறங்க! பீரோ அடியில பாருங்க! குரங்கு ஒடஞ்சிருந்தாலும் பர்வால்ல, கூப்பன் ஒடையாது! இன்னிக்கு வந்தீங்கன்னா வீலு, வரலன்னா..." இங்கே அவருக்கு வார்த்தை வரவில்லை. "...வரலன்னா நான் அய்துடுவேன்!"

அது வேலை செய்தது. திருநெல்வேலி, சேலம், தஞ்சாவூர் என்று எல்லா ஊர்க்காரர்களும் பால்கனிக்கு வந்தார்கள். ஒரு முதலாளி அழப்போகிறார் என்றால் எந்த ஊர்க்காரனும் பார்க்க வருவான்.

பத்து மணிக்கு வீல் சுற்றத் தொடங்கியது. பன்னிரண்டு தொட்டி, தொட்டிக்கு நாலு பேர். இறங்கும் வழியில் மடக்கு நாற்காலி போட்டு வரலட்சுமி உட்கார்ந்திருந்தார். இறங்கியவரின் கூப்பனை வாங்கி, பாதியாகக் கிழித்து, ஒரு கோடு போடுவார். ஐந்தாவது கோடு குறுக்கே. தலைசுற்றி வாந்தி எடுத்த ஒருவரிடமும் முதலில் கூப்பனை வாங்கிக்கொண்டுதான் தண்ணீர் கொடுத்தார்.

ஈஸ்டர் பட்டுப்புடவைகளும் புதுச் சட்டைகளும் மேலே போய்க் கீழே வந்தன. ஒரு மணிக்கு அறுநூற்று இருபது. மூன்று மணிக்கு ஆயிரத்து நூறு. பால்ராஜ் வரிசையின் தலைக்கும் வாலுக்கும் ஓடினான். "சீக்கிரம் ஏறுங்கக்கா! செருப்பை அப்புறம் மாட்டுங்க! இறங்கறவங்க பேசிக்கிட்டே இறங்காதீங்க, இறங்கிப் பேசுங்க!"

வீல் ஓட்டும் கலியமூர்த்திக்கு அவன் படபடப்பு பெரிய பொழுதுபோக்காக இருந்தது. "இன்னா மாமே, உனக்குப் பொண்ணு பாக்க வந்த கூட்டமா இது? இப்டி உபசரிக்கிற?"

"அண்ணாத்தே, வேகமா சுத்துண்ணே!"

"இதுக்கு மேல சுத்துனா இவங்க ஆவடில போய் எறங்குவாங்க. அது உன் கணக்குல வருமா?"

ஐந்தே முக்காலுக்கு வரலட்சுமியின் நோட்டில் ஆயிரத்து எழுநூற்று அறுபத்து மூன்று. வேண்டியது இன்னும் நாற்பத்தேழு. ஒரே ஒரு நடை. வரிசையில் கூப்பனோடு நின்றவர்கள் நாற்பத்தாறு பேர்.

பால்ராஜ் இரண்டு முறை எண்ணினான். நாற்பத்தாறுதான். பிறகு தன் சட்டைப்பையைத் தொட்டான். அக்கா மகனுக்காக முழு விலை கொடுத்து வாங்கிய குரங்கின் கூப்பன் அதில் இருந்தது. அவன் மாடி பஸ்ஸில் மேல்தளத்துக்கே போகாதவன். ஸ்டூலில் ஏறி பல்பு மாட்டச் சொன்னால் இருட்டிலேயே இருந்துவிடுவான்.

"மேடம், ஊழியர் ஏறினா செல்லுமா?"

"காசு கொடுத்து வாங்கின கூப்பன்னா யார் ஏறினாலும் செல்லும்."

அவன் ஏறினான். கண்ணை மூடினான். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் ஒருவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாத தம்பி, காலைலதான் கர்த்தர் எழுந்தாரு" என்றார்.

மூன்று சுற்று முடிந்தது. நாலாவதில் பால்ராஜின் தொட்டி உச்சிக்கு வந்தபோது வீல் ஒரு முனகலோடு நின்றது. ஒலிபெருக்கியில் பாட்டு நின்றது. மைதானத்துப் பல்புகள் அணைந்தன.

"கரண்ட்டு பூட்ச்சி!" கலியமூர்த்தியின் குரல் பாதாளத்திலிருந்து வந்தது.

பால்ராஜ் கண்ணைத் திறந்தான். அது பெரிய தவறு. பூந்தமல்லி ஹைரோட்டில் லாரிகள் தீப்பெட்டி தீப்பெட்டியாகப் போய்க்கொண்டிருந்தன. ஆனால் பயத்தைவிட எட்டாம் பக்கம் அவனைப் பலமாகப் பிடித்தது.

"மேடம்!" என்று உச்சியிலிருந்து கத்தினான். "மூணரை சுத்து முடிஞ்சுது! ஆறுல மூணரைக்கு உண்டானதை வருமானமா எடுத்துக்கலாம் இல்ல? கட்டடம் கட்டற கம்பெனிங்க அப்படித்தானே செய்யுது?"

வரலட்சுமி கையை வாயருகே குவித்துக்கொண்டு கத்தினார். "கட்டடத்துல பாதி கட்டினாலும் சுவர் நிக்கும் மிஸ்டர் பால்ராஜ்! நீங்க பாதியில நின்னா அதுக்குப் பேர் சேவை இல்ல, விபத்து!"

இதற்குள் மணவாளன் வேன் பேட்டரியில் மைக்கை உயிர்ப்பித்துவிட்டார். "யாரும் பயப்படாதீங்க! மேல தொங்கற அத்தனை பேருக்கும் கம்பெனி செலவுல ஆளுக்கு ஒரு கோலி சோ..."

"சார்ர்ர்!" பால்ராஜ் தொட்டியில் எழுந்தே நின்றுவிட்டான். தொட்டி ஆடியது. "லாபமே நாலு ரூபாய்! சோடா கம்பெனி செலவுன்னா மறுபடி நஷ்டம்! என் செலவு! சோடா என் சொந்தச் செலவுன்னு மைக்ல சொல்லுங்க!"

மணவாளன் ஒரு நொடி யோசித்தார். "...டா, நம்ம பால்ராஜ் சொந்தச் செலவுல!"

கூட்டம் கைதட்டியது. கலியமூர்த்தி பிரேக்கை விடுவித்து, கீழே நின்ற தொட்டியைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தான். வீல் அரை அடி அசைந்தது.

"யோவ், டேங்க் ஃபாக்டரிகாரங்க யாருனா கீறீங்களா? டேங்க்கையே தள்றீங்க, இதைத் தள்ள மாட்டீங்களா?"

இருபது பேர் ஈஸ்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார்கள். ஒரு தொட்டியை இழுத்து விட்டால் அடுத்தது வரும். அதை இழுத்து விட்டால் அதற்கடுத்தது. முதலில் எருமை எழுவது போல் எழுந்த வீல், பிறகு மனசு வைத்தது. மைதானமே உரக்க எண்ணியது. "நாலு!" ஐந்து மணி ஐம்பத்திரண்டு. "அஞ்சு!" ஐம்பத்தைந்து. பெண்கள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடிவந்து தள்ளினார்கள். மணவாளன் மைக்கோடு சேர்ந்து தள்ளியதால் அவர் மூச்சு வாங்குவது வேலப்பன்சாவடி முழுக்கக் கேட்டது.

"ஆறு!"

தொட்டி தொட்டியாக இறக்கினார்கள். வரலட்சுமி ஒரு கண்ணைக் கைக்கடிகாரத்திலும் ஒரு கண்ணைக் கூப்பனிலும் வைத்துக் கிழித்துக்கொண்டே இருந்தார். கடைசியாகத் தரையைத் தொட்டவன் பால்ராஜ். தரையில் உட்கார்ந்தபடியே கூப்பனை நீட்டினான். ஐந்து ஐம்பத்தொன்பது.

"ஆயிரத்து எண்ணூத்துப் பத்து" என்றார் வரலட்சுமி. முதன்முறையாக அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தார்கள். "லாபம், ரூபாய் நாலு."

மணவாளன் பால்ராஜை அப்படியே தூக்கிவிட்டார். அவனுக்கு மறுபடி உயரம். "என் ராசா! நீ பர்மனென்ட்டுப்பா! இந்த நிமிஷத்துலேர்ந்து பர்மனென்ட்டு! இன்னிக்கே..."

வரலட்சுமி மூடிய பேனாவைத் திறந்தார். "இன்னிலேர்ந்தா? அப்ப ஒரு நாள் கூடுதல் சம்பளம், அதோட பி.எஃப். பங்கு. அதையும் இந்த வருஷச் செலவுல சேர்த்துடவா?"

"வேணாம் மேடம்!" முதலாளியின் தோளில் தொங்கியபடியே பால்ராஜ் அலறினான். "நாளைலேர்ந்து! என்னை நாளைலேர்ந்து எழுதிக்குங்க!"

"நாளைக்கி ஏப்ரல் ஒண்ணாச்சே மாமே" என்றான் கலியமூர்த்தி. "ஊட்ல சொன்னா நம்புவாங்க?"

அவன் வீட்டில் நம்பவில்லை. இரண்டாம் தேதி ஆர்டரைக் காட்டியபோதுதான் அவன் அம்மா மட்டன் எடுக்க ஆள் அனுப்பினாள்.