முதலில் உங்கள் தலையில்

விடிவதற்குள் ஹர்மட்டான் என்கிற வறண்ட பாலைக் காற்று புழுதியை அள்ளி வந்து குமாசி நகரத்தின் மேல் கொட்டியிருந்தது. அந்தக் குளிரில், மேடம் ஒஃபோரிவாவின் பார்லரில் ஆறு பேர் விளக்கு வெளிச்சத்தில் கூலிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தோம். வெள்ளிக்கிழமை. சனிக்கிழமைதான் எங்கள் ஊரில் சாவுச்சடங்கு நடக்கும் நாள். கறுப்புத் துணி கட்டிப் போகிற பெண்கள் எல்லோருக்கும் வெள்ளியன்றே தலை பின்னி முடிய வேண்டும். ஒரு தலைக்கு இரண்டு பேர், இடப்பக்கம் ஒருத்தி, வலப்பக்கம் ஒருத்தி. பிளாஸ்டிக் சவுரி விரலை அறுக்கும். அறுத்த இடத்தில் டப்பாவில் இருக்கிற க்ரீம் இறங்கினால் உயிர் போகும்.

அந்த டப்பாவைச் சொல்லத்தான் வேண்டும். மூடியில் மேடத்தின் படம், இடுப்பு வரை முடி. ‘இயற்கைச் சுருட்டை முடிக்கு மட்டும்’ என்று பொன் எழுத்து. திறந்தால் ரோஜா வாசனை, அதற்கடியில் சுண்ணாம்பு நெடி. சுருட்டை முடிக்காம்! சுருட்டையையே தின்கிற சாமான் அது.

அந்த டப்பா வருவதற்கு முன்பெல்லாம் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. தலையைத் தொட்டுப் பார்த்து, எது வேண்டுமென்று பின்னுகிறவள் தீர்மானிப்பாள். காய்ந்த முடிக்கு ஷியா கொட்டையில் எடுத்த வெண்ணெய், மெல்லிய முடிக்குத் தேங்காயெண்ணெய், பிள்ளை பெற்றவளுக்கு வெறும் தண்ணீரும் பொறுமையும். புதுச் சரக்கு எது வந்தாலும் முதலில் அவள் தன் காதோரத்து முடியில் தடவிக்கொள்வாள். ஒரு ராத்திரி கழிந்து எரியாமலிருந்தால்தான் அது அடுத்தவள் தலைக்குப் போகும். இதை எங்களுக்கு எவரும் சட்டமாகப் போடவில்லை. கை வைக்கிற தலைக்கு நாங்கள் கொடுத்த மரியாதை அது.

டப்பா வந்த அன்றே மேடம் அந்த வழக்கத்துக்கு முடிவு கட்டினார். டப்பா விற்க வந்த சரக்காம், எங்கள் தலையில் தேய்த்து வீணடிக்க வந்ததில்லையாம். ஒவ்வொரு தலைக்கும் டப்பா திறக்க வேண்டும், திறக்காதவளுக்கு அன்றைய கூலி கிடையாது என்றார். நாங்களும் வாயை மூடிக்கொண்டு திறந்தோம். லரிபா மட்டும் திறக்கவில்லை. வடக்கே போல்கட்டாங்காவிலிருந்து வந்தவள், நாக்கு கத்தி மாதிரி. பாவாடை மடிப்பில் ஷியா வெண்ணெய் உருண்டையை ஒளித்து வைத்துக்கொண்டு, மேடம் திரும்பும் நேரம் பார்த்துத் தடவுவாள்.

அன்று காலை கஞ்சி குடிக்கக்கூட நேரமில்லை. கருவாட்டுக்கார ஃபொசுவா அக்காவின் தலையில் லரிபாவும் நானும் பாதி வேலை முடித்திருந்தோம். மறுநாள் அவள் தாயாரின் சாவுச்சடங்கு. அப்போது கதவைத் திறந்துகொண்டு பிராகோ வந்தாள். போன வாரம் எங்களிடம் பின்னிக்கொண்டு போன பெண். தலையில் துணி சுற்றியிருந்தது. எங்கள் முன்னால் நின்று அதை அவிழ்த்தாள்.

இடப்பக்கம் பின்னல் வரிசை வரிசையாக அப்படியே இருந்தது. வலப்பக்கம் காதிலிருந்து உச்சி வரை மொட்டை. தோல் வெந்து, பொருக்குக் கட்டியிருந்தது.  

மேடம் உள்ளறையிலிருந்து வந்தார். ஒரு பார்வை பார்த்தார். யோசிக்கவே இல்லை, நேரே லரிபாவிடம் திரும்பினார்.

“உன் வடக்கத்தி வெண்ணெய் பண்ணின வேலையாடி இது? நீ ஒளிச்சுத் தடவுறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? சீப்பையெல்லாம் வச்சிட்டுக் கெளம்பு. பார்லர்காரங்க சங்கத்துல சொல்லிடறேன். இந்த ஊர்ல எந்தக் கடையிலயும் உன்னைச் சேர்க்க மாட்டாங்க.”

சொன்னதைச் செய்யக்கூடியவர். சங்கத் தலைவியும் அவரும் ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள். லரிபா கையிலிருந்த சீப்பைக் கீழே வைத்தாள். ஊரில் மூன்று பிள்ளைகள் அவள் விரல்களை நம்பி இருந்தன.

பிராகோவின் தலையில் இடப்பக்கம் பின்னியவள் லரிபா. வலப்பக்கம் எங்களில் இன்னொருத்தி, டுஃபி. அது எங்கள் ஆறு பேருக்கும் தெரியும். டுஃபி சுவரோரம் நின்றிருந்தாள், நிறைமாத வயிறு, டப்பா க்ரீமில் நகக்கண்ணெல்லாம் வெந்த கை. அவளைப் பார்க்கக் கூடாதென்று நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம். நாங்கள் வாயைத் திறந்தால் அவள் பிழைப்பும் போகும். இந்தக் கேவலமான நிலையில் எங்களை நிறுத்தி வைத்த மேடத்தின்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

டுஃபியே முன்னால் வந்தாள்.

“வலப்பக்கம் நான் பின்னினது மேடம். நீங்க கொடுத்த டப்பாதான் போட்டேன். எரியுதுன்னு இந்தப் பொண்ணு அழுதுச்சு. அப்படித்தான் எரியும், சும்மா போடுன்னு நீங்கதான் சொன்னீங்க. லரிபா வெண்ணெய் போட்ட பக்கம் பாருங்க, ஒரு முடி போகல.”

“அப்ப நீயும் கெளம்பு” என்றார் மேடம். “என் டப்பாவுல ஒரு குத்தமும் கிடையாது.”

என் கை தானாகவே அலமாரிக்குப் போனது. ஒரு டப்பாவை எடுத்தேன், மூடியைத் திருகினேன், அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். 

“குத்தம் இல்லாததுதானே மேடம். முதல்ல உங்க தலையில தடவுங்க. அப்புறம் நாங்க தடவுறோம்.”

மேடத்தின் கை சட்டென்று தன் விக்கைப் பிடித்தது. விக்குக்கு அடியில் இருக்கிற சொந்த முடியில் அந்த டப்பாவை அவர் ஒருநாளும் தொட்டதில்லை என்பது அந்தக் கையைப் பார்த்தாலே தெரிந்தது. நான் நீட்டியபடியே நின்றேன். மற்றவர்களும் ஆளுக்கொரு டப்பாவை எடுத்து நீட்டினார்கள்.

“டப்பா போடாதவளுக்கு இங்க எடமில்ல. எல்லாரும் வெளிய போங்க” என்று கத்தினார்.

டப்பாக்களைத் தரையில் வைத்துவிட்டு ஆளுக்கொரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினோம். மேடம் பின்னாலேயே வந்து கதவைப் பூட்டினார். சீப்புகள், சவுரிக் கட்டுகள், சுடுதண்ணீர் வாளி எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டன. ஃபொசுவா அக்கா பாதிப் பின்னலும் பாதி விரிந்த முடியுமாக நடுத்தெருவில் நின்றாள். மேடம் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார், வேறு ஆள் வைத்து முடித்துத் தருகிறேன் என்று.

“பாதித் தலையோட எங்கம்மா முன்னாடி நின்னாலும் நிப்பேன்” என்றாள் ஃபொசுவா அக்கா. “அந்த டப்பாவோட நிக்க மாட்டேன். எங்க உக்காரணும், சொல்லுங்கடி.”

எதிரே வேன் நிறுத்தத்தில் வேப்பமரம் இருந்தது. அதன் அடியில் முக்காலிகளைப் போட்டோம். சீப்பு இல்லாததால் விளக்குமாற்றுக் குச்சியை ஒடித்து வகிடு எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்துப் பார்லரிலிருந்து ஒருத்தி வந்து, வகிடு எடுக்கும் வால்சீப்பு இரண்டை என் மடியில் போட்டாள். அவர்கள் கடையிலும் அதே டப்பாதானாம். கையை விரித்துக் காட்டினாள், நகக்கண்ணில் அதே புண். இன்னொரு கடையிலிருந்து இரண்டு பேர் சவுரிக் கட்டோடு வந்தார்கள். திங்கட்கிழமை சங்கக் கூட்டத்துக்கு எல்லோரும் ஒன்றாகப் போவது என்று முடிவானது. தலையில் எது போடுவதென்று பின்னுகிறவள்தான் சொல்வாள், புதுச் சரக்கு எதுவானாலும் முதலில் விற்கிறவள் தலையில். இந்த இரண்டையும் கடைக்காரர்கள் ஒத்துக்கொள்ளாமல் எந்தக் கடையிலும் எந்தத் தலையிலும் கை வைப்பதில்லை.

சங்கம் எங்களைத் துரத்தலாம். திங்கட்கிழமைக்குப் பிறகு அடுப்பு எரியுமா என்பது எங்களில் ஒருத்திக்கும் தெரியாது.

பிராகோ இன்னும் போகவில்லை. மொட்டைப் பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு மரத்தடியில் நின்றாள். லரிபா மடியிலிருந்து வெண்ணெய் உருண்டையை எடுத்தாள், இப்போது ஒளிக்காமல். ஒரு விள்ளல் கிள்ளி டுஃபியிடம் கொடுத்தாள். டுஃபி அதை உள்ளங்கையில் உருக்கி, முதலில் தன் காதோரத்தில் தடவிக்கொண்டாள். பிறகு பிராகோவின் முகத்தைப் பார்த்து, தொடட்டுமா என்று கேட்டாள்.

பிராகோ மறைத்த கையை எடுத்தாள்.