மேல்பிடிக்காரன்

...கேட்டுக்கொள் என்றுதானே எழுதியிருக்கிறது, உனக்குக் கெடுதல் செய்தவனுக்காக ஜெபத்தில் கேட்டுக்கொள் என்று, ஆனால் என்ன கேட்பது என்று எழுதவில்லையே, காலையில் வேதப் புத்தகத்தில் விரலை வைத்து எழுத்தெழுத்தாக நகர்த்தி அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தும் அது மட்டும் பிடிபடவில்லை, இப்போது பீரோவின் மேல்முனையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகப் படியேறும்போதும் அதையேதான் மென்றுகொண்டிருந்தான்... லிஃப்ட் கெட்டுப்போன கட்டடம், மூன்றாம் மாடி, இரும்பு பீரோ, கீழ்பிடியில் அண்ணன். கூடப்பிறந்தவன். பாரத்தில் பெரும்பங்கு கீழே இருப்பவன் நெஞ்சில்தான் இறங்கும், முகம் தகரத்தில் ஒட்டிக்கிடக்கும், கால் வைக்கிற இடம் தெரியாது, மேல்பிடிக்காரன்தான் அவனுக்குக் கண். மற்ற ஜோடிகள் வாயால் சொல்வார்கள், படி, திருப்பம், பாத்து வா என்று. இவர்களுக்குள் பேச்சு இல்லை. அதனால் தோள்வாரில் பாரத்தைத் தாங்கிக்கொண்டு இவன் ஒரு கையை எடுத்து விரல்கணுவால் தகரத்தில் தட்டுவான், ஒரு தட்டு திருப்பம், இரண்டு தட்டு என்றால் படி சரியில்லை. யாரும் உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்டதில்லை, பேசுகிறவர்களுக்கு எதற்குத் தட்டு... "புருஷன் பொண்டாட்டி கோவிச்சுக்கிட்ட மாதிரி இருக்கீங்கடா, ராத்திரி சோறு வேணும்னாலும் இப்படித்தான் தட்டுவீங்களா" என்று லாரி டிரைவர் கேட்டதற்கு இவனுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, அண்ணன் முகத்தைப் பார்த்ததும் வந்த வழியே போய்விட்டது.

முதல் திருப்பம், ஒரு தட்டு, கீழேயிருந்து ஒரு முனகல், பீரோ சுவரை உரசாமல் திரும்பியது. வேலையில் மட்டும் எப்படி இப்படிப் பொருந்துகிறது? ஒரே வயிறு என்பதாலா... வயிறு என்றதும் அம்மா வந்துவிடுகிறாள், வராமல் இருப்பாளா. அண்ணன் வீட்டில்தான் கிடந்தாள், அண்ணன் வீட்டில்தான் செத்தாள், மண்ணைப் போட்டு மூடின பிறகுதான் இவனுக்கு ஆள் விட்டான். ஓடிப்போய் ஏன் என்று கேட்டதற்கு, கை கழுவிக்கொண்டே, "சொல்லி என்ன ஆகப்போகுது, வந்து எழுப்பிடவா போறே" என்றான். கத்தியிருந்தாலாவது பரவாயில்லை, நாளைக்கு வேலை இருக்கா என்று கேட்கிற குரலில் கேட்டான். அன்றைக்கே கல்லறைக்குப் போனால் புது மண் அங்கங்கே கிடக்கிறது, கட்டையில் எழுதி நட்டிருக்கிறார்கள், எது அம்மா என்று எழுத்துத் தெரியாதவனுக்கு என்ன தெரியும், குழி தோண்டுகிறவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து படிக்கச் சொன்னான். அந்த அவமானத்தில்தான் நரைத்த தலையோடு ஜெப வீட்டில் போய் உட்கார்ந்து எழுத்துப் படித்தது, அங்கே படிக்கக் கொடுத்தது வேதம்தான், கடைசியில் அம்மா பெயரைப் படிக்கப் போனவன் தலையில் அண்ணனை நேசி என்பது வந்து விழுந்தது, பூனையை விரட்டப் போய்ப் புலியிடம் மாட்டிக்கொண்ட மாதிரி.

அண்ணனுக்காக என்ன கேட்பது என்று போதகரிடம் கேட்டான். "உங்க அண்ணன் பேரைச் சொல்லிக் கேளுங்க. உங்களுக்கு என்ன கேப்பீங்களோ அதையே அவருக்கும் கேளுங்க" என்றார். எனக்கு நான் ஒண்ணும் கேக்குறதில்லையே ஐயா என்றான். "அப்ப அங்கேருந்தே ஆரம்பிங்க." எளிதாகச் சொல்லிவிட்டார், அவருக்கு அண்ணன் இல்லை போலும்... ஆனாலும் கேட்கத்தான் செய்கிறான், தினமும், பெயரைச் சொல்லி, முதலில் பல்லைக் கடித்துக்கொண்டு, பிறகு பழகிவிட்டது. அவன் மனசை இளக வையும், அவன் என்னிடம் வரட்டும், தம்பின்னு ஒரு வார்த்தை கூப்பிடட்டும், அது போதும். இரண்டாம் மாடி தாண்டியது. தகரத்தின் வழியாக நடுக்கம் வருகிறது, அண்ணனின் கை நடுக்கம், கொஞ்ச நாளாகவே இருக்கிறது, மேஸ்திரிக்குத் தெரிந்தால் பாரத்துக்கு விடமாட்டார், இவன் யாரிடமும் சொல்லவில்லை. வயசாகிவிட்டது அவனுக்கு. நெஞ்சுக்குள் என்னவோ நெகிழ்ந்தது, கண்ணை மூடினான், அண்ணன் பெயரைச் சொன்னான், அவனைத் தாங்கும் என்றான், குதிகாலில் ஏதோ கரகரத்தது, படியின் விளிம்பு பெயர்ந்து கம்பி நீட்டிக்கொண்டிருந்த இடம், மெத்தை தூக்கி வந்தபோதே பார்த்து வைத்த இடம், அதுவரை லாரியிலேயே நின்று இறக்கிக் கொடுத்த அண்ணனுக்கு இந்தப் படிகளில் இதுதான் முதல் ஏற்றம், கால் தானாக அதைத் தாண்டி மேலே ஊன்றியது, அவன் வரட்டும் என்றான், என்னிடம் வரட்டும்...

சத்தம் பெரிதாக இல்லை. ஒரு இழுப்பு, வார் தோளை அறுத்தது, பீரோ சுவரோடு சாய்ந்து சிக்கி நின்றது, அதன் அடிவிளிம்பின் கீழே அண்ணனின் முழங்கால். "தம்பி" என்றது ஒரு குரல். எத்தனையோ காலத்துக்குப் பிறகு. மேஸ்திரியும் ஆட்களும் ஓடிவந்தார்கள், பீரோவைத் தூக்கினார்கள், கால் இருக்க வேண்டிய பக்கம் இல்லாமல் வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது. "மேல்பிடியில நின்னு என்னடா புடுங்கிக்கிட்டு இருந்தே, உடைசல்னு சொல்லலையா" என்று மேஸ்திரி இவன் சட்டையைப் பிடித்தார். ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தேன் என்று எப்படிச் சொல்வது? வெளுத்த முகத்தோடு கிடந்த அண்ணன்தான் சொன்னான். "அவன் தட்டுனான் மேஸ்திரி. எனக்குத்தான் காது கேக்கல." இவனைப் பார்க்காமலே சொன்னான்.

தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். படிக்கட்டில் பீரோ மட்டும் சாய்ந்து நின்றது, அதோடு இவன். நிஜமாகவே தட்டினான் என்று அண்ணன் நினைத்துக்கொண்டானா, இல்லை, தெரிந்தேதான்... அது போகட்டும், தினமும் கேட்டதெல்லாம் என்ன? என்னிடம் வரட்டும், என்னிடம் வரட்டும். முறிந்தாலன்றி அந்த ஆள் யாரிடம் வருவான், அது அப்படிக் கேட்ட இவனுக்குத் தெரியாதா. குதிகாலுக்குத் தெரிந்த படி கைக்குத் தெரியாதா. கண்ணை மூடி அண்ணனுக்காகக் கேட்க நினைத்தான், பெயர் வந்தது, அதற்கப்புறம் எதைக் கேட்பதென்று பயமாக இருந்தது. கையை நீட்டித் தகரத்தில் இரண்டு முறை தட்டினான்.